பறிபோன பட்டமும் 19 வெற்றிகளும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஆட்டத்தின் கதையை மட்டும் சொன்னால் பாதிதான் புரியும். விதிகளின் கதையையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

1974-இல், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் ஹவர்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கால்பந்து அணி 19 ஆட்டங்கள் ஆடி 19-லும் ஜெயித்தது. போட்ட கோல் 63, வாங்கிய கோல் 6. கடைசி ஆட்டத்தில், எதிரணியின் சொந்த ஊரில், நான்காவது கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோல் விழுந்தது. தேசியப் பட்டம் கிடைத்தது. இதோடு நிறுத்தினால் அது ஒரு நல்ல அணியின் நல்ல வருடம், அவ்வளவுதான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால், 1971-இல், இதே கல்லூரி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், இதே எதிரணியை இறுதிப் போட்டியில் வீழ்த்தி, இதே பட்டத்தை வென்றிருந்தது. அதைப் பிறகு பறித்துவிட்டார்கள். அந்தப் பறிப்பு எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் 1974-இன் கனம் தெரியும்.

ஹவர்ட் என்றதும் பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் புகழ்பெற்ற ஹார்வர்டை நினைத்துவிட வேண்டாம். அது வேறு பல்கலைக்கழகம். 1971 அரையிறுதியில் அந்த ஹார்வர்டை 1-0 என்று தோற்கடித்துத்தான் இவர்கள் இறுதிப் போட்டிக்கே போனார்கள்.

முதலில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கோடை விடுமுறை முடிந்து வகுப்புகள் திறக்கும்போது பருவம் தொடங்கும், டிசம்பரில் முடிந்துவிடும். மூன்று, மூன்றரை மாதம்தான். தொடக்கத்தில் மற்றக் கல்லூரிகளோடு வழக்கமான ஆட்டங்கள். அதில் நன்றாக ஆடிய அணிகளுக்கு மட்டும் நாக்-அவுட் சுற்றுக்கு அழைப்பு வரும். அங்கே ஒருமுறை தோற்றால் அன்றோடு அந்த வருடம் முடிந்தது. கடைசியில் மிஞ்சும் 4 அணிகள் ஒரே ஊரில் கூடி, அரையிறுதி, இறுதி ஆடி முடிப்பார்கள். ஆண்கள் கால்பந்துக்கு இந்தத் தேசியப் போட்டி 1959-இல்தான் ஆரம்பமானது.

கல்லூரி அணிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது கரைந்துகொண்டே இருக்கும் அணி. ஒரு மாணவன் ஆட அனுமதிக்கப்படுவது சில பருவங்கள் மட்டுமே. பட்டம் வாங்கியதும் போய்விடுவான். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் சட்டை அதே சட்டையாக இருக்கும், உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேல் மாறியிருப்பார்கள். ஒரு பருவத்தை இழந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் சொல்லலாம். கல்லூரி மாணவனுக்கு அந்த அடுத்த வருடம் இல்லாமலே போகலாம். தண்டனை என்ற பெயரில் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டால், சிலருடைய ஆட்ட வாழ்க்கை முழுவதையும் எடுத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

இதையெல்லாம் நடத்துகிற அமைப்பு என்.சி.ஏ.ஏ. 1906-இல் தோன்றியது. யார் மாணவ ஆட்டக்காரர், அவர் எத்தனை வருடம் ஆடலாம், சேரும்போது என்ன தகுதி வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும் இடம் அது. விதி மீறப்பட்டதாக அது முடிவு செய்தால் ஏற்கெனவே வென்ற பட்டத்தையும் பதிவேட்டிலிருந்து நீக்க முடியும்.

இனி எதிரணி. அந்தக் காலத்தில் கல்லூரிக் கால்பந்து என்றாலே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம்தான். 1959-இல் நடந்த முதல் தேசியப் போட்டியை வென்றது அதுதான். 1973 வரைக்குமான 15 வருடத்தில் 10 பட்டங்கள் அதன் கணக்கில், ஒன்று மட்டும் மிச்சிகன் ஸ்டேட்டோடு பகிர்ந்தது. இது தற்செயல் இல்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த நகரத்தில் கத்தோலிக்கப் பங்குகள்தோறும் சிறுவர் கால்பந்து லீக்குகள் உண்டு. நாட்டின் மற்றப் பகுதிகளில் பேஸ்பால் மட்டையோடு பிள்ளைகள் அலைந்தபோது இங்கே தெருத்தெருவாகப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் வெளியே தேட வேண்டிய அவசியமே இல்லை. உள்ளூர்ப் பையன்களை வைத்தே நாட்டை ஆண்டது.

அந்த நகரத்தின் பெருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1950 உலகக் கோப்பையில், பிரேசிலின் பெலோ ஹரிசாண்டே நகரில், யாருமே எதிர்பாராத விதமாக அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. அந்த அமெரிக்க அணியில் 5 பேர் செயின்ட் லூயிஸ்காரர்கள். அவர்களில் ஒருவர் பின்களத்தில் ஆடிய ஹாரி கியோ. 1971-லும் 1974-லும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் அவர்தான். சரி, அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோலைப் போட்டவர் யார்? ஜோ கேட்ஜென்ஸ். ஹெய்தித் தீவுக்காரர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க வந்தவர். அன்றைக்கு அவருக்கு அமெரிக்கக் குடியுரிமைகூடக் கிடையாது. கரீபியத் தீவிலிருந்து படிக்க வந்த ஒருவர் போட்ட கோலைத்தான் அமெரிக்கக் கால்பந்து இன்றுவரை கொண்டாடுகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹவர்ட் பல்கலைக்கழகம் 1867-இல் தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடம். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் படிப்பதற்கென்று நாடெங்கும் தோன்றிய கல்வி நிலையங்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது அது. வெள்ளையர் கல்லூரிகள் கதவைச் சாத்தியிருந்த காலம் முழுவதும் கறுப்பின மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் ஆசிரியர்களையும் அது உருவாக்கிக்கொண்டே இருந்தது.

அமெரிக்கக் கறுப்பின மாணவர்கள் மட்டும் அங்கே படிக்கவில்லை. நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவர் நம்தி அசிகிவே இளமையில் அங்கே படித்தவர். டிரினிடாட்-டொபாகோவின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் அங்கே பேராசிரியராக இருந்தவர். ஆப்பிரிக்காவிலும் கரீபியத்திலும் படிப்பில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்த வீடுகளில் ஹவர்ட் என்ற பெயர் தெரிந்த பெயர். அந்தப் பிள்ளைகள் வாஷிங்டனுக்கு வரும்போது கால்பந்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1961-லேயே ஹவர்ட் அணி, சிறிய கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. என்ற இன்னொரு அமைப்பின் கால்பந்துப் பட்டத்தை வென்றிருக்கிறது. ஆக, 1971-இல் வானத்திலிருந்து குதித்த அணி இல்லை இது.

1970-இல் பயிற்சியாளராக வந்தார் லிங்கன் பிலிப்ஸ். டிரினிடாட்காரர், கோல்கீப்பர். 1967-இல் கனடாவின் வின்னிபெக்கில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் டிரினிடாட்-டொபாகோ கால்பந்தில் வெண்கலம் வாங்கியபோது அணியில் இருந்தவர். பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் பேஸ் அணிக்கு ஆடினார். வாஷிங்டன் டார்ட்ஸ் அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். வந்த முதல் வருடமே ஹவர்டைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனார், அங்கே யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்திடம் 4-3 என்று தோற்றார்கள்.

அந்த நேரத்து வாஷிங்டனை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1968 மார்ச்சில் ஹவர்ட் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தையே கைப்பற்றிப் போராடினார்கள். அடுத்த மாதம் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த தெருக்கள் பற்றி எரிந்தன. அந்த வளாகத்துக்குள்தான் இந்த அணி உருவானது. ஆட்டக்காரர்களில் பலர் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் பிள்ளைகள். கினி விடுதலை பெற்றது 1958-இல், நைஜீரியா 1960-இல், ஜமைக்காவும் டிரினிடாடும் 1962-இல். தங்கள் நாட்டுக் கொடி முதன்முதலாக ஏறுவதைச் சிறுவர்களாகப் பார்த்தவர்கள் அவர்கள். அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் போராட்டத்துக்கு நடுவில் வந்து இறங்கினார்கள். மைதானத்தில் அவர்கள் பெற்ற ஒவ்வொரு வெற்றியையும் வளாகம் முழுவதும் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டது.

1971-இல் அந்த அணியை யாராலும் தடுக்க முடியவில்லை. டிரினிடாடின் கீத் அக்வி, ஆல்வின் ஹெண்டர்சன், இயன் பெய்ன், கினியின் மோரி டியானே என்று முன்களமும் நடுக்களமும் நிறைந்து இருந்தன. டிசம்பர் 30 அன்று மயாமியின் ஆரஞ்ச் பவுல் அரங்கத்தில் இறுதிப் போட்டி. எதிரில் முந்தைய இரண்டு வருடமும் பட்டம் வென்ற செயின்ட் லூயிஸ். ஹவர்ட் 3-2 என்று ஜெயித்தது. 15 ஆட்டம், 15 வெற்றி. கறுப்பின மக்களுக்கென்று தோன்றிய ஒரு பல்கலைக்கழகம், எந்த விளையாட்டாக இருந்தாலும், என்.சி.ஏ.ஏ.வின் முதல்நிலைப் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது அதுவே முதல் தடவை.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. புகார் வந்தது, விசாரணை வந்தது. 1972-இல் விசாரணையின் நிழலிலேயே அரையிறுதி வரை போய், செயின்ட் லூயிஸிடம் 2-1 என்று தோற்றார்கள். 1973-இன் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. தகுதியில்லாத ஆட்டக்காரர்கள் சிலரை ஆடவைத்ததாகச் சொல்லி 1971 பட்டம் பறிக்கப்பட்டது. 1972-இல் எட்டிய இடமும் நீக்கப்பட்டது. 1973 பருவத்தின் தேசியப் போட்டியில் ஆடத் தடை.

என்ன தகுதியின்மை? கையெழுத்தை மாற்றினார்களா, கூலிக்கு ஆட்டக்காரர்களைப் பிடித்து வந்தார்களா? அப்படி ஒன்றும் இல்லை. மூன்று விதிகள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், அவசரமில்லை.

முதலாவது ஐந்தாண்டு விதி. ஒரு மாணவர் முதன்முதலாக ஒரு கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தன் பருவங்களை ஆடி முடித்துவிட வேண்டும். படிப்பை முடிக்காமல் வருடக்கணக்கில் ஆடிக்கொண்டே இருப்பதைத் தடுக்க வந்த விதி. நியாயமானதுதான். ஆனால் சொந்த நாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்து, இடையில் வேலைக்குப் போய், பணம் சேர்த்து, பிறகு அமெரிக்கா வந்தவருக்கு அந்தக் கடிகாரம் எப்போதோ ஓட ஆரம்பித்திருக்கும்.

இரண்டாவது, 1.600 விதி. பெயரே கொஞ்சம் விசித்திரம். அமெரிக்கக் கல்லூரிகளில் மதிப்பெண் சராசரியை 4-க்குக் கணக்கிடுவார்கள். ஒரு மாணவர் கல்லூரியின் முதல் வருடத்தில் குறைந்தது 1.600 சராசரி எடுப்பார் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டால்தான் அவர் ஆடலாம். எதை வைத்துக் கணிப்பது? அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் அவர் வாங்கிய மதிப்பெண்ணையும், எஸ்.ஏ.டி. போன்ற அமெரிக்க நுழைவுத் தேர்வில் வாங்கியதையும் ஓர் அட்டவணையில் போட்டு. டிரினிடாடில் படித்தவர் எஸ்.ஏ.டி. எழுதியிருக்க மாட்டார். அவர் எழுதியது பிரிட்டிஷ் முறையில் அமைந்த ஜி.சி.ஈ. தேர்வு. அதைத் தேறுவது சின்ன விஷயம் இல்லை. அதன் அடிப்படையில்தான் ஹவர்ட் அவர்களுக்கு இடம் கொடுத்தது. வகுப்பில் அவர்கள் உண்மையில் எப்படிப் படித்தார்கள் என்பது இந்த விதிக்குத் தேவையே இல்லை. கணிப்புத் தாள் கோப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டக்காரர் தகுதியற்றவர்.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது தேதியை. ஹவர்டைத் தண்டித்த அதே 1973-இல், என்.சி.ஏ.ஏ. தன் மாநாட்டில் இந்த 1.600 விதியையே கைவிட்டது. இனி வேண்டாம் என்று தாங்களே தள்ளிவைத்த ஒன்றை வைத்து, ஆடி முடித்த ஒரு பருவத்தின் பட்டத்தைப் பறித்திருக்கிறார்கள். சட்டப்படி அது செல்லும், மீறிய நாளில் அந்த விதி நடப்பில் இருந்ததே. எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது: வெளிநாட்டு மாணவர் விதி. 19 வயது நிறைந்த பிறகு, வெளிநாட்டவர் ஒருவர் தன் நாட்டில் ஒழுங்கமைந்த போட்டிகளில் ஆடியிருந்தால், அப்படி ஆடிய ஒவ்வொரு 12 மாதமும் அவருடைய கல்லூரிப் பருவங்களிலிருந்து ஒன்றாகக் கழிக்கப்படும்.

இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு யோசிப்போம். இருவருக்கும் வயது 21. ஒருவன் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பள்ளியை முடித்து, துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே, சாயங்காலத்தில் உள்ளூர் கிளப் அணிக்கு ஒரு காசு வாங்காமல் இரண்டு வருடம் ஆடியவன். இன்னொருவன் செயின்ட் லூயிஸில் பள்ளியை முடித்து, தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, உள்ளூர் அமெச்சூர் அணிக்கு அதேபோல இரண்டு வருடம் ஆடியவன். இருவரும் ஒரே நாளில் கல்லூரியில் சேர்கிறார்கள். முதல் பையன் வகுப்பில் போய் உட்காருவதற்கு முன்பே இரண்டு பருவங்களை இழந்துவிட்டான். இரண்டாமவன் எதையும் இழக்கவில்லை. விதி பார்த்தது ஆட்டத்தையும் இல்லை, வயதையும் இல்லை, வாங்கிய காசையும் இல்லை, கடவுச்சீட்டைத்தான் பார்த்தது. ஒரே தராசில் ஆளுக்கொரு படிக்கல் போட்டு நிறுத்த கதை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள, வயதில் மூத்த ஆட்டக்காரர்களோடு 18 வயதுப் பையன்களை மோதவிடுவது சரியா என்று சில கல்லூரிகள் கேட்டன. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கிளப் லீக்கில் பெரியவர்களோடு மோதிப் பழகியவனுக்கும் நேற்றுவரை பள்ளி மைதானத்தில் ஆடியவனுக்கும் வித்தியாசம் உண்டு. அப்படியானால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வயது வரம்பு போடலாம், அல்லது கிளப் ஆட்டத்தை எல்லோருக்கும் கணக்கில் எடுக்கலாம். வெளிநாட்டவரின் கிளப் ஆட்டத்தை மட்டும் எண்ணுவது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. ஜோ கேட்ஜென்ஸை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்காகக் கோல் போட்டபோது அவர் எங்கிருந்து வந்தார், அதற்கு முன் எந்தக் கிளப்புக்கு ஆடினார் என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஹவர்ட் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. விதி பிடிக்கிறதோ இல்லையோ, உறுப்பினராக இருக்கும் அமைப்பின் தகுதிச் சட்டங்களைப் படித்து, ஒவ்வொரு ஆட்டக்காரரின் தாள்களையும் சரிபார்க்க வேண்டியது பல்கலைக்கழக அலுவலகத்தின் வேலை. அதில் விட்ட பிழைக்கு விலை கொடுத்தவர்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள் இல்லை, மைதானத்தில் இருந்தவர்கள்.

பல்கலைக்கழகம் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. என்.சி.ஏ.ஏ. மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1973-இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஐந்தாண்டு விதி செல்லும். 1.600 விதியும் செல்லும். வெளிநாட்டு மாணவர் விதி செல்லாது: ஒரே மாதிரி ஆடிய இருவரில் வெளிநாட்டவரை மட்டும் தண்டிப்பதால் அது சட்டத்தின் முன் சமத்துவம் என்ற அரசியலமைப்பு உரிமைக்கு எதிரானது. மற்ற இரண்டு விதிகளின் மீறல் நிலைத்ததால் தண்டனை அப்படியே நின்றது. பட்டம் திரும்பி வரவில்லை.

இந்த முடிவை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஹவர்ட் தோற்றது, பட்டம் போனது போனதுதான். ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வந்த ஆட்டக்காரர்கள் அனைவருக்கும், வெளிநாட்டு மாணவர் விதி செல்லாது என்ற அந்த ஒரு வரி கதவைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பெயர்போன சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1975-லும் 1976-லும் பட்டம் வென்றது. அவர்களுடைய 1978 பட்டமும் தகுதிப் பிரச்சினையில் பறிபோனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறிகொடுத்தவர்கள் ஹவர்ட் மட்டும் இல்லை. ஆனால் வெளிநாட்டவர் என்பதையே குற்றமாக எண்ணிய விதியை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள் இவர்கள். அதன் பலனை இவர்களைவிட அதிகமாக அனுபவித்தவர்கள் மற்றவர்கள்.

1973 பருவத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்த வருடம்தான் உறுத்துகிறது. தேசியப் போட்டி கிடையாது என்று முதல் நாளே தெரியும். எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் நவம்பரோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதே நவம்பரில் மற்ற அணிகள் நாக்-அவுட் சுற்றுக்குக் கிளம்பும். செயின்ட் லூயிஸ் அந்த வருடமும் பட்டம் வென்றது. அப்படிப்பட்ட பருவத்தில் காலையில் எழுந்து ஓடுவதற்கு ஒரு பயிற்சியாளர் என்ன காரணம் சொல்லியிருப்பார்? அணியை விட்டுப் போனவர்கள் உண்டு. படிப்பு முடிந்தவர்கள், பருவக் கணக்கு தீர்ந்தவர்கள். மிச்சமிருந்தவர்களையும் புதிதாக வந்தவர்களையும் வைத்துப் பிலிப்ஸ் மறுபடியும் அடியிலிருந்து கட்டினார். இந்த முறை கோப்புகள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் ஆபத்து. ஆட்டத்திலும் குறை இருக்கக் கூடாது, தாளிலும் குறை இருக்கக் கூடாது. இரட்டைச் சுமை அது.

அப்படித்தான் 1974 வந்தது.

19 ஆட்டத்தில் 6 கோல்தான் வாங்கினார்கள் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 63 கோல் போடுவதற்குத் திறமையான முன்கள ஆட்டக்காரர்கள் போதும். ஆனால் சராசரியாக மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல்தான் உள்ளே விடுவது என்றால் பதினோரு பேரும் ஒரு நிமிடம்கூடக் கவனம் சிதறாமல் ஆட வேண்டும். பின்களத்தில் ஒருவர் முன்னே ஏறினால் இன்னொருவர் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பந்தை இழந்த மறுநொடி முன்களத்தில் இருப்பவரே துரத்த வேண்டும். 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போது, கடைசிப் பத்து நிமிடத்தில், களைத்துப்போன கால்களோடு அதைச் செய்வதுதான் கடினம். பயிற்சியாளர் ஒரு கோல்கீப்பர் என்பது இந்த எண்ணில் தெரிகிறது என்பது என் எண்ணம். கோல்கம்பத்துக்கு நடுவில் நின்று வளர்ந்தவருக்கு, வாங்கும் ஒவ்வொரு கோலும் எங்கோ ஒரு சின்ன அலட்சியத்தில் தொடங்கியது என்று தெரியும்.

அந்த வருடத்தின் கடைசி 4 அணிகள் கூடிய ஊர் செயின்ட் லூயிஸ். எதிரணியின் சொந்த நகரம், சொந்த ரசிகர்கள். ஹவர்ட், செயின்ட் லூயிஸ், நியூயார்க் மாநிலத்தின் ஹார்ட்விக் கல்லூரி, யு.சி.எல்.ஏ. ஆட்டம் நடந்தது புஷ் ஸ்டேடியத்தில். பேஸ்பாலுக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கட்டிய வட்ட அரங்கம். தரையில் புல் இல்லை, அந்தக் காலத்துச் செயற்கை விரிப்பு. நவீன விரிப்பைப் போல மெத்தென்று இருக்காது. பந்து வேகமாக வழுக்கும், விழுந்தால் தோல் உரியும். டிசம்பர் மாதம் வேறு. அரையிறுதியில் ஹவர்ட் ஹார்ட்விக்கை 2-1 என்று தாண்டியது. இன்னொரு பக்கம் செயின்ட் லூயிஸ் யு.சி.எல்.ஏ.வை அதே 2-1-க்கு வென்றது.

இறுதியில் எதிரெதிரே நின்றவர்கள் 1971-இல் நின்ற அதே இரண்டு கல்லூரிகள். அதே பிலிப்ஸ், அதே கியோ. நடுவில் வந்த இரண்டு பட்டங்களும், 1972-உம் 1973-உம், செயின்ட் லூயிஸிடம். ஹவர்டைப் பொறுத்தவரை இது ஒரு கோப்பைக்கான ஆட்டம் மட்டுமாக இருந்திருக்க முடியாது. 1971-இல் தகுதியில்லாதவர்களை வைத்து ஜெயித்தீர்கள் என்று சொன்னார்களே, அதற்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். தோற்றால், பார்த்தீர்களா என்று சொல்ல ஊரே காத்திருக்கும்.

90 நிமிடம் முடிந்தபோது 1-1. கூடுதல் நேரம். ஒன்றுமில்லை. இன்னொன்று. அப்போதும் இல்லை. மூன்றாவதும் போயிற்று. இரண்டு நாளைக்குள் இரண்டாவது பெரிய ஆட்டம் ஆடும் மாணவர்கள், அந்தக் கடினமான விரிப்பின் மேல். கல்லூரிக் கால்பந்தில் ஆட்டக்காரர்களை மாற்றும் விதிகள் உலகக் கோப்பை ஆட்டங்களைவிடத் தாராளமானவை, வெளியே போனவர் மறுபடியும் உள்ளே வர வழி உண்டு. ஆனால் நான்காவது கூடுதல் நேரத்தில் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கால் கனத்துவிடும். அந்த நான்காவது கூடுதல் நேரத்தில்தான் நைஜீரியாவின் கென்னத் இலோடிக்வே கோல் போட்டார். ஹவர்ட் 2, செயின்ட் லூயிஸ் 1.

1971-இல் அடித்தது 15-க்கு 15. இப்போது 19-க்கு 19. இந்த முறை ஒரு தாளையும் குறை சொல்ல முடியவில்லை. கறுப்பினப் பல்கலைக்கழகம் ஒன்று வென்ற முதல் என்.சி.ஏ.ஏ. முதல்நிலைப் பிரிவுப் பட்டம் என்று பதிவேட்டில் நிற்பது இந்த 1974 பட்டம்தான். மைதானத்தில் முதலில் வென்றது மூன்று வருடத்துக்கு முன்பு என்பது ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் தெரியும்.

இந்தக் கதை வெகுகாலம் அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாமல் கிடந்தது. பிலிப்ஸ் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2016-இல் திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீயின் தயாரிப்புப் பங்களிப்போடு ‘ரிடெம்ப்ஷன் சாங்’ என்ற ஆவணப்படத்தை ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. கல்லூரிக் கூடைப்பந்து, அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி அங்கே எழுதிக் குவித்த அளவோடு ஒப்பிட்டால் இது மிகவும் தாமதம், மிகவும் குறைவு.

ஆனால் ஹவர்டின் மைதானத்துக்குப் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. 1988-இல் ஹவர்ட் மறுபடியும் தேசிய இறுதிப் போட்டிக்கு வந்தது. இந்தியானா பல்கலைக்கழகத்திடம் 1-0 என்று தோற்றது. அந்தக் காலத்து ஹவர்ட் அணியின் கோல்கீப்பர் டிரினிடாடில் வளர்ந்த ஷாகா ஹிஸ்லப், இயந்திரப் பொறியியல் மாணவர். பின்னாளில் நியூகாசில், வெஸ்ட் ஹாம் அணிகளுக்கு இங்கிலாந்தில் ஆடினார். 2006 உலகக் கோப்பைக்கு டிரினிடாட்-டொபாகோ முதன்முதலாகத் தகுதி பெற்றபோது, டார்ட்மண்டில் ஸ்வீடனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கடைசி நேரத்தில் கோல்கம்பத்துக்கு வந்து நின்றவர் அவர்தான். அந்த ஆட்டம் 0-0 என்று முடிந்தது. ஒரு பந்தும் அவரைத் தாண்டவில்லை.

என்.சி.ஏ.ஏ.வின் பட்டியலில் 1971-க்கு எதிரே இன்றும் வெற்றியாளர் பெயர் இல்லை. பட்டம் நீக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. அந்த இடத்தைச் செயின்ட் லூயிஸுக்கும் கொடுக்கவில்லை. தண்டனைக்குக் காரணமான மூன்று விதிகளில் ஒன்றை நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது. இன்னொன்றை அமைப்பே கைவிட்டுவிட்டது. மிஞ்சி நிற்பது ஐந்தாண்டுக் கணக்கு ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக அணி முழுவதின் பெயரும் அழிந்து கிடக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அந்த வரியில் ஹவர்டின் பெயரைத் திரும்ப எழுத வேண்டும். 1971-இல் ஆடியவர்கள் அதைப் பார்க்கும்படி, அவர்கள் இருக்கும்போதே எழுத வேண்டும்.